வெயிலும் வன்முறையும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நகரங்களின் வெப்பத்தையும் குற்றங்களையும் பற்றி நீ அனுப்பிய கட்டுரை வரைவை இரண்டு முறை படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் "வெயில் மிகுந்த நகரங்களில் வன்முறையும் மிகுதி" என்ற உன் முதல் வரியோடு எனக்கு உடன்பாடில்லை. ஆண்டு முழுவதும் புழுக்கம் தணியாத சிங்கப்பூரில் கொலைகள் மிகக் குறைவு என்ற ஒன்றே அதைக் கவிழ்த்துவிடும். இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் வறுமை, காவல், மது, துப்பாக்கிச் சட்டம் என எத்தனையோ குறுக்கே வரும். ஒரே ஊரின் வெயில் நாளையும் குளிர்ந்த நாளையும் ஒப்பிடும்போதுதான் வெப்பத்தின் பங்கு தனியே புலப்படும்.

1831இல் பெல்ஜியப் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே, பிரான்சின் குற்றக் கணக்குகளை ஆராய்ந்து, ஆட்களைத் தாக்கும் குற்றங்கள் கோடையிலும் திருட்டுகள் குளிர்காலத்திலும் உச்சத்தைத் தொடுவதாக எழுதினார். வன்முறையைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் நிற்கிறது; திருட்டைப் பற்றியது அத்தனை உறுதியாக நிற்கவில்லை.

காரணம் என்ன என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். வெக்கை எரிச்சலைக் கிளப்புகிறது என்பது ஒரு தரப்பு. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் நடந்து 1986இல் வெளியான சோதனையில், பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஒரு கார் வேண்டுமென்றே நகராமல் நின்றது. வெயில் ஏற ஏறப் பின்னால் நின்றவர்கள் அடித்த ஹாரனும் கூடியது, அதுவும் ஏசி இல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தவர்களிடம் இன்னும் தெளிவாக. மற்றொரு தரப்பு, கோபத்தைவிட நடமாட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது: வெயில் காலத்தில் மக்கள் நெடுநேரம் தெருவில் இருக்கிறார்கள், குடிக்கிறார்கள், உரசிக்கொள்கிறார்கள், வீடு ஆளில்லாமல் கிடக்கிறது. எனக்கு இரண்டிலும் உண்மை தெரிகிறது. நீ முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

உன் வரைவில் இல்லாத முக்கியமான செய்தி, யாருடைய தெருவில் குற்றம் கூடுகிறது என்பது. லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி 2021இல் வெளியான ஆய்வின்படி, வெப்பம் 85 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்களில் வன்முறைக் குற்றங்கள் சராசரியாக 5.7 சதவீதம் கூடின. ஏழைகள் வாழும் பகுதிகளில் இந்த ஏற்றம் மேலும் கூர்மையாக இருந்தது. நிழல் தர மரமில்லாத, ஒரே அறையில் பலர் முடங்கிக் கிடக்கும், இரவிலும் சுவர் சூடு ஆறாத இடங்களை வைத்து இதைப் பார். மக்களின் இயல்பே அப்படி என்று எழுதுவது சுலபம். தயவுசெய்து அதைச் செய்யாதே.

எதிர்த்திசையிலும், அதாவது குற்றத்தைப் பற்றிய அச்சம் வெப்பத்தை இன்னும் ஆபத்தாக்குவதைப் பற்றியும், ஒரு பத்தி எழுதலாம். 1995இல் சிகாகோவை வாட்டிய வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனியாக வாழ்ந்த முதியவர்கள் பலர், திருட்டுக்கும் தாக்குதலுக்கும் அஞ்சி, அனலாய்க் கொதித்த வீட்டின் சன்னலைக்கூடத் திறக்காமல் இருந்தவர்கள்.

காவல்துறைப் பதிவுகளை வாங்கும்போது, அதில் உள்ள நேரம் சம்பவம் நடந்ததா, புகார் கொடுத்ததா என்று கேட்டுக்கொள். நள்ளிரவுச் சண்டை மறுநாள் காலைக் கணக்கில் ஏறியிருந்தால், அதன் எதிரே நீ வைக்கும் வெப்பநிலையும் தவறாகிவிடும். திருத்திய பிறகு மறுபடியும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா