42 பைக்குப் பணம் வாங்கி 29 பை அனுப்பியது குறித்து

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

அனுப்புநர்: பள்ளத்தூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

பொருள்: பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட் பைகள் குறைவாகவும், படத்தில் காட்டியதற்கு மாறாகவும் வந்தது, பணத்தைத் திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். ஆனால் முதல் புகார் இல்லை. ஆப்பில் மூன்று முறை, வாட்ஸ்ஆப்பில் இரண்டு முறை, போனில் ஒன்பது முறை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து ஆர்டர் எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறார். அந்த எண்ணை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறேன். மார்ச் மாதம் எங்களுக்கு வருடக் கணக்கு முடிக்கும் நேரம், தலை நிமிர முடியாது. அதே மார்ச் 15-ஆம் தேதி என் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். மொத்தச் செலவுக்கு 12,000 ரூபாய் என்று வீட்டில் முடிவு செய்திருந்தோம். சாப்பாடு, கேக், உடுப்பு எல்லாம் அதற்குள். பிள்ளைகள் எண்ணிக்கை: வகுப்பில் 26, தெருவில் 9, சொந்தத்தில் 5. ஆக 40. கூட்டிக்கொண்டு வரும் தம்பி, தங்கைகளுக்காக இரண்டு சேர்த்து 42.

பையை நானே போட்டால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் பார்த்தேன். மஞ்சள் துணிப்பை 18 ரூபாய், சின்ன நோட்டு 10, பென்சில், அழிப்பான், ஷார்ப்னர் சேர்ந்த செட் 12, கிரேயான் பெட்டி 10, கடலை மிட்டாய் 5. ஒரு பை 55 ரூபாய், 42-க்கு 2,310. உங்களுடைய மஞ்சப்பை நடுத்தர செட் 65 ரூபாய். டெலிவரி 180 சேர்த்து 2,910 கட்டினேன். கூடுதலாகப் போன 600 ரூபாயும், இரவில் உட்கார்ந்து பை நிரப்ப எனக்கு நேரம் இல்லை என்பதற்காகக் கொடுத்தது. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் உங்களிடம் வந்தேன். கடைசியில் சனிக்கிழமை இரவு ஒன்றரை மணி வரை வளவில் (வீட்டு முற்றத்தில்) பாய் விரித்து 42 பையையும் நானேதான் நிரப்பினேன்.

பிப்ரவரி 20-ஆம் தேதி பணம் கட்டினேன். மார்ச் 10-க்குள் வரும் என்றீர்கள். 12-ஆம் தேதி வியாழன் மாலை ஒரே ஒரு பெட்டி வந்தது. எண்ணினால் 29. உடனே போன் செய்தேன். இரண்டாவது பெட்டி நாளை வரும் என்று ஒரு பெண் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உங்கள் ஆப் அன்று இரவே "முழுவதும் டெலிவரி ஆகிவிட்டது" என்று காட்டியது. அந்த 13 பை இன்றுவரை வரவில்லை.

உங்கள் செட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மஞ்சள் துணிப்பை, அதில் குழந்தையின் பெயர், உள்ளே நோட்டு, பென்சில் செட், சாக்லேட், எல்லாப் பையிலும் ஒரு சின்னக் கார். படத்தில் அப்படித்தான் இருந்தது. வந்தது மெல்லிய பிளாஸ்டிக் கவர். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அரசே மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டுவந்து பிரசாரம் செய்கிறது. நீங்களும் 'மஞ்சப்பை' என்று பெயர் வைத்து விற்றுவிட்டு உள்ளே பிளாஸ்டிக்கை அனுப்புகிறீர்கள். பெயரையாவது சரியாக அடித்தீர்களா? என் மகள் பெயரில் வரும் 'ழ'வை 'ல' ஆக்கிவிட்டீர்கள். இரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை அதைப் பார்த்ததும், "அம்மா, இது வேற யாரோட பையோ" என்றாள்.

29-இல் 11 பையில்தான் கார் இருந்தது. மீதி 18-இல் காருக்குப் பதில் ஒரு நீல ஊதல் (விசில்). அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரித்த அன்றே என் நாத்தனாரின் இரண்டு வயது மகன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டான். வாய்ப்பக்கம் விண்டு உள்ளே இருந்த உருண்டை அவன் நாக்குக்குப் போய்விட்டது. என் மாமியார் பக்கத்தில் இருந்ததால் விரலை விட்டு எடுத்தார். இல்லையென்றால் நான் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், போலீஸ் ஸ்டேஷனில் நின்றிருப்பேன். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உங்கள் ஊதலிலும் இல்லை, காரிலும் இல்லை. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒரு வரி எச்சரிக்கை கூட இல்லை. சாக்லேட்டில் தயாரித்த தேதியும் இல்லை, எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை போன் செய்தபோது, பெட்டி காரைக்குடி கூரியர் ஆபீஸில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வேலை முடித்து ஓடினேன். அங்கே இல்லை, தேவகோட்டைக்குப் போயிருக்கும் என்றார்கள். சனிக்கிழமை காலை தேவகோட்டை. அங்கே அப்படி ஒரு பெட்டியே பதிவாகவில்லை.

அன்று மாலை மறுபடி போன் செய்தபோது உங்கள் ஆள் ஒருவர் எடுத்தார். சனிக்கிழமை மார்ச் 14, மாலை 6.10. உங்களிடம் பதிவு இருக்கும், எடுத்துக் கேளுங்கள். நான் அழுகிற நிலையில்தான் பேசினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. நாளைக்கு 42 பிள்ளைகள் வருவார்கள், 13 பேருக்கு நான் என்ன கொடுப்பது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "அறுபத்தஞ்சு ரூபா பைக்கு இவ்ளோ பேச்சா மேடம்? உள்ளதைப் பிரிச்சுக் குடுங்க."

உள்ளதைப் பிரித்துக் கொடுப்பதா? குழந்தைகளுக்குப் பை விற்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவர் பேசுகிற பேச்சா இது? எங்கள் பக்கம் கல்யாணத்தில் ஒருவருக்குத் தாம்பூலப் பை விட்டுப்போனால் பத்து வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுவார்கள். பெரியவர்களுக்கே அப்படி இருக்கும்போது ஏழு வயதுப் பிள்ளைகள் எப்படிப் பொறுப்பார்கள்? பையில் இருப்பது ஐந்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்று பிள்ளைகள் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன வந்தது என்றுதான் பார்ப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு மாவுருண்டை கொடுத்தாலும் சந்தோஷமாகப் போவார்கள். என் மாமியார் ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொன்னார்: "ரெண்டு தேன்குழல், ரெண்டு மாவுருண்டை போட்டு ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடு, பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்." கையால் பின்னும் கொட்டான் 42 வாங்க என் கணக்கு இடம் கொடுக்காது என்று மறுத்தேன். அவர் பேச்சைக் கேட்டு வெறும் மாவுருண்டையைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

அந்த ஆள் போனை வைத்த பிறகு காரைக்குடிக்கு மறுபடியும் போனேன். கடை மூடும் நேரம். 42 துணிப்பை 756 ரூபாய். ஊதலுக்குப் பதிலாக 18 கிரேயான் பெட்டி 180. வராத 13 பைக்கு ஒரே மாதிரி கிடைத்தது பென்சில் பாக்ஸ் மட்டும்தான், 520. உங்கள் பெட்டியிலிருந்து நோட்டும் பென்சில் செட்டும் காரும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டேன், அதை மறைக்கவில்லை. எவ்வளவு மாற்றிப் பார்த்தும் மூன்று விதப் பையாகத்தான் வந்தது. கார் வைத்தது, கிரேயான் வைத்தது, பென்சில் பாக்ஸ் வைத்தது.

பிள்ளைகள் வளவிலேயே உட்கார்ந்து பிரித்துவிட்டார்கள். கார் கிடைக்காத ஒரு பையன் அழுதான். என் மகளின் உயிர்த்தோழி கிரேயானைக் கையில் வைத்துக்கொண்டு, "அவளுக்கு பாக்ஸ், எனக்கு இதுதானா? நான் உனக்கு ஃபிரண்டு இல்லையா?" என்று கேட்டாள். என் மகள் உள்ளே போய், அவள் சித்தி அன்றைக்குப் பரிசாகக் கொடுத்த புது பென்சில் பாக்ஸை எடுத்து வந்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். பிறகு அப்பத்தா மடியில் படுத்து அழுதாள். கேக் வெட்டிய போட்டோவை இன்னும் அவள் பார்க்க மாட்டேன் என்கிறாள். பன்னிரண்டாயிரம் ரூபாயும் ஒரு வருடக் காத்திருப்பும் வீணாகப் போயிற்று. ஏழாவது பிறந்தநாளை இனி என் பிள்ளைக்கு யார் திருப்பித் தர முடியும்?

இதற்குப் பிறகும் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். திங்கட்கிழமை போன் செய்தபோது, ரீஃபண்ட் வேண்டுமானால் மீதிப் பொருளை மதுரை குடோனுக்கு நேரில் கொண்டு வாருங்கள் என்றார்கள். புதன்கிழமை, 18-ஆம் தேதி, கணக்கு முடிக்கிற நேரத்தில் ஒரு நாள் லீவு போட்டேன். முதலாளி முகத்தை எப்படிப் பார்த்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் கவர், ஊதல், சாக்லேட் எல்லாவற்றையும் அதே பெட்டியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போனேன். பேருந்தில் சாக்லேட் உருகிப் புடவையெல்லாம் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ. குடோன் வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு ஒருவர் வந்து, "நேரில் வாங்குறதில்லையே, கூரியர்லதான் அனுப்பணும், யார் உங்களை வரச் சொன்னது?" என்று கேட்டார். உங்கள் கம்பெனிதான் வரச் சொன்னது! ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வரும்போது இரவு எட்டு.

சனிக்கிழமை உங்களிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" அதைப் படித்தபோதுதான் இனிப் போனில் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

நான் கேட்பது இதுதான். கட்டிய 2,910 ரூபாய் முழுதாகத் திரும்ப வேண்டும். சனிக்கிழமை இரவு வாங்கிய பொருளுக்கு 1,456, காரைக்குடி, தேவகோட்டை அலைச்சலுக்கு 240, மதுரைப் பயணத்துக்கு 460, ஒரு நாள் சம்பளம் 600. ஆக 5,666. எங்கள் குடும்பம் பட்ட மன உளைச்சலுக்கு 25,000. எல்லாம் சேர்த்து 30,666 ரூபாய். எல்லா ரசீதும் கையில் இருக்கிறது. அதோடு அந்தச் சனிக்கிழமை பேசிய ஆள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இது முக்கியம். மாதச் சம்பளத்தில் எண்ணி எண்ணி எடுத்து வைத்த அறுபத்தைந்து ரூபாயை அவர் கேவலமாகப் பேசினார்.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். அந்த முதல் நாள் பெண்ணைப் போல ஒருவர் இதைக் கையில் எடுத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். சண்டை போட வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. ஆனால் சட்டம் தெரியாதவள் என்றும் நினைக்க வேண்டாம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்துக்கு மாறாகவோ தாமதமாகவோ வந்த பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. 48 மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுவேன். அதற்கும் அசையவில்லையென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்கள் தரப்பில் ஒருவர் ஆஜராக வேண்டியிருக்கும். ஊதல் விஷயத்தைத் தனியாக இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் எழுதுவேன். அதில் சமரசம் கிடையாது, பணம் கொடுத்தாலும் எழுதுவேன். வேறொரு வீட்டில் பக்கத்தில் பெரியவர்கள் இல்லாமல் போகலாம்.

பெட்டி எங்கள் வீட்டு முகப்பில் இருக்கிறது. 29 கவர், 17 ஊதல், உடைந்த ஊதலின் இரண்டு துண்டு, அந்த உருண்டை, 29 சாக்லேட். இனி நான் எங்கும் தூக்கிக்கொண்டு வர மாட்டேன். உங்கள் ஆளை அனுப்புங்கள். பகலில் என் மாமியார் வீட்டில் இருப்பார். வருகிறவர் எண்ணிப் பார்த்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே அவர் பெட்டியைக் கொடுப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்
மார்ச் 24