சரசுவுக்கு ஏன் வந்தது?

அன்புள்ள மல்லி,

நலம்தானே? பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானாம், உன் தம்பி சொன்னான். சுங்கை சிப்புட்டில் மழை விட்டபாடில்லை. கிராணி வீட்டுச் சேவல் விஷயம் நேரில்.

சரசுவுக்கு மார்பகப் புற்றுநோய். ஈப்போவில் ஆபரேஷன் முடிந்தது. பார்க்கப் போனபோது இடது கையைத் தூக்க முடியாமல் வலது கையாலேயே தலை வாரிக்கொண்டிருந்தாள். சடையை என்னிடம் நீட்டி, "முடிச்சு மட்டும் போட்டு விடு" என்றாள்.

அவள் மாமியார், "எங்கள் வம்சத்திலேயே இல்லாத நோய்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பரம்பரையாக இந்த நோயைக் கொண்டுவரும் பிராக்கா மரபணுவைப் பரிசோதித்ததிலும் கோளாறு இல்லை. பிறகு ஏன் வந்தது? லேப்பில் வேலை பார்க்கும் என் மகளை உட்காரவைத்துக் கேட்டேன். நோய் வருகிறவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்குத்தான் பிராக்கா காரணமாம். எதிர்ப்புச் சக்திக்கான மரபணுக்களும் ஆளுக்கு ஆள் வேறு என்றாள். நம் மலேசியாவிலேயே 2016இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அபோபெக்3பி என்று வைரஸை எதிர்க்கிற ஒரு மரபணு. பிறவியிலேயே அது விடுபட்டுப் போன பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாம்.

இன்னொன்றைக் கேட்டபின் எனக்குத் தூக்கமே வரவில்லை, மல்லி. நம் செல்கள் உள்ளே இருக்கும் புரதத்தின் துண்டுகளை வெளியே தூக்கிக் காட்டுமாம். தோட்டத்தில் காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திக் கிராணி ஆள் பார்த்த மாதிரி, ரத்தத்தில் காவல் திரியும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் அதைப் பார்த்து, வேற்றாள் என்றால் தீர்த்துவிடும். காட்டுகிற வேலை செல்லின் மேலிருக்கும் எச்எல்ஏ என்ற புரதங்களுக்கு. பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா கர்ட்டிஸ் குழு 2024இல் சொன்னது இது: புற்றை வளரவைக்கும் ஹெர்2 போன்ற மரபணுக்களில், டி செல்களின் கண்ணில் எளிதில் படும் துண்டுகளைப் பிறவியிலேயே நிறைய வைத்திருப்பவர்களுக்கு அந்த வகைப் புற்று வருவது குறைவு. ஆனால் அந்தக் காவலையும் மீறி வந்துவிட்டால், அது ஒளியத் தெரிந்த புற்று, பொல்லாதது. காப்பாற்றுகிற அதே குணம் பிறகு இப்படித் திரும்புமா என்று மனசு ஆறவே இல்லை. சரசுவுக்கு எது என்று யாரும் சொல்ல முடியாது. இதற்கென்று கிளினிக்கில் பரிசோதனையும் இல்லை. வம்சத்தில் இல்லை என்ற பேச்சை மட்டும் இனி நான் நம்பமாட்டேன்.

அடியே, நீயும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறாய்! மேமோகிராம் எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு? பள்ளி விடுமுறையில் வா, இரண்டு பேரும் ஒரே நாளில் போய் எடுப்போம். தேதியைச் சொல், நான் பதிந்துவிடுகிறேன். சரசுவுக்கும் ஒரு போன் போடு, சாயங்காலம் ஐந்துக்கு மேல்.

அன்புடன்,
ஜெயா