தட்டும் டம்ளரும் தனியாக வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காசநோய் என்றதும் தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கிவைக்கும் வழக்கம் எங்கள் தெருவில் இன்னும் போகவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்தும், மற்றவர்களுக்கு வீட்டிலுமாக ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில், அதுவும் நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. வெளிநாடுகள்கூட இதைப் பார்த்துச் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டன. நமக்குத்தான் சேதி வந்து சேரவில்லை!

இருமும்போது காற்றில் பரவுகிற கிருமி இது. தட்டில் ஒட்டிக்கொண்டு வராது. மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர்கள், கூட வந்தவரையும் உட்காரவைத்து இரண்டு நிமிடம் இதைச் சொல்லக் கூடாதா? சுவரில் ஒட்டிய போஸ்டரை யாரும் படிப்பதில்லை, சரி. டாக்டர் வாயால் சொன்னால் மாமியார்கூடக் கேட்பார்.

– வாசகர், வேலூர்