கலாவுக்கு, தொண்டையால பாடுற ஒருத்திய பத்தி

அடியே கலா,

திட்டாத. எழுதாததுக்கு காரணம்னு ஒண்ணும் இல்ல, சோம்பேறித்தனம்தான். அம்மா நல்லா இருக்காங்க, முட்டிவலி அப்படியே இருக்கு. மணிய ஒரு கல்யாணத்துல பாத்தேன், அந்த பாயசக் கதைய ஆரம்பிச்சான், நான் பந்திக்கு ஓடிட்டேன்.

விஷயம் என்னன்னா டான்யா டகாக்னு ஒருத்தி எனக்கு பைத்தியம் புடிக்க வச்சிட்டா. 1975ல பொறந்தவ, இனுயிட் (வடதுருவப் பக்கத்து பழங்குடி), கனடாவோட வடக்குல நூனவுட்ல கேம்பிரிட்ஜ் பேதான் ஊரு. அவங்க பொம்பளைங்க ரெண்டு பேரு முகத்துக்கு முகம் நின்னு தொண்டையிலேந்தும் மூச்சுலேந்தும் சத்தம் எழுப்பி பாடுவாங்க, கட்டஜாக்னு பேரு, அது பாட்டும்தான் விளையாட்டும்தான், யாரு மொதல்ல சிரிச்சிட்டாங்களோ அவங்க தோத்தாங்க (நீயும் நானும் நின்னா ஆரம்பிக்கவே மாட்டோம்). பாதிரியாருங்க வந்து தடுத்ததுல பல ஊர்ல அது நின்னே போச்சு. இவ சின்ன வயசுல இத கத்துக்கவே இல்லடி! ஹாலிஃபாக்ஸ்ல ஓவியம் படிச்சிட்டிருந்தப்ப அவங்கம்மா கேசட் அனுப்ப, அதக் கேட்டு கேட்டு தானா பாட ஆரம்பிச்சா. எதிர்ல நிக்க ஆளு இல்ல, அதனால ரெண்டு பேரு பாடுறத ஒத்த ஆளா பாடுனா.

நான் மாட்டுனது எங்கன்னா, நானூக் ஆஃப் த நார்த்னு 1922ல ஃப்ளாஹெர்ட்டி எடுத்த ஊமைப்படம் இருக்குல்ல, இனுயிட் வாழ்க்கைய அப்படியே காட்டுறோம்னு சொல்லி எடுத்தது. அதுல பாதி செட்டப்பு. ஹீரோ பேரே நானூக் இல்ல, அலகரியல்லாக். துப்பாக்கி வச்சிருந்தவங்கள ஈட்டி தூக்க வச்சிருக்காங்க, வெளிச்சம் வேணும்னு ஒரு பக்கம் தெறந்த இக்ளூ, அதான் பனிவீடு, கட்டியிருக்காங்க, கிராமஃபோன முன்ன பின்ன பாக்காதவன் மாதிரி அவர் ரெக்கார்ட கடிச்சு பாக்குற சீன் வேற. 2012ல டொரண்டோ திரைப்பட விழாக்காரங்க கேட்டு, இவ அந்தப் படத்த ஓட விட்டு முன்னாடி நின்னு பாடுறா. உறுமுறா, மூச்சு வாங்குறா, அழுவுறா மாதிரி இருக்கு, திடீர்னு கொழந்த சத்தம். படத்து மேல கோவம் இருக்கு, ஆனா அந்தக் குளிர்ல பொழச்சு காட்டுன மனுசங்க மேல பெருமையும் இருக்கு, ரெண்டையும் ஒரே தொண்டையில வச்சிருக்கா. தொண்ணூறு வருசமா ஊமையா இருந்த ஆளுங்களுக்கு இப்பதான் கொரல் வருது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

எல்லாமே புடிச்சுதுன்னு பொய் சொல்ல மாட்டேன், சில பாட்ட பாதியில நிறுத்திட்டேன், வீட்ல வேற யாருக்கோ மூச்சுத்திணறலான்னு எட்டிப் பாத்தாரு அவரு. 2014ல போலாரிஸ்னு கனடாவுல இசை ஆல்பத்துக்கு குடுக்குற பரிசு வாங்குனா, அன்னைக்கு அவ பாடும்போது பின்னாடி திரையில காணாமப்போன, கொலையான பழங்குடிப் பொண்ணுங்க 1,200 பேரோட பேரு ஓடுச்சு. அதே ராத்திரி மேடையில நின்னு சீல் (கடல்நாய்) கறி சாப்பிடுங்க, சீல் தோல் போடுங்கன்னும் சொன்னா, சீல் வேட்டைய எதிர்க்குறவங்களோட கெளம்புச்சு பாரு சண்டை. 2018ல நாவல், அதுலயும் பாதி நாட்குறிப்பு பாதி கவிதை பாதி புராணம். (மூணு பாதி, தெரியுது, கணக்குல நான் எப்பவும் அப்படித்தான்.) 2022ல தன்னப் பத்தின படத்த இன்னொருத்தரோட சேந்து தானே இயக்கியிருக்கா.

இத ஏன் உங்கிட்ட கொட்டுறேன்னா, வரையிறதா பாடுறதா ஒண்ண முடிவு பண்ணுன்னு உங்க வீட்ல சொன்னாங்கன்னு எழுதியிருந்தியே, அதுக்கு நீயும் சரின்னு தலையாட்டிட்டு வர்ணப்பெட்டிய பரண்ல போட்டியாமே, அதப் படிச்சதுலேந்து எனக்கு உன் மேல கோவம். அவங்க மேல இல்லடி, உன் மேல. இவ எந்த ஸ்கூல்ல எதுக்கு பேரு குடுத்தாளோ அதோட நின்னிருந்தா அந்த கேசட்ட கேட்டுட்டு தூக்கி வச்சிருப்பா.

பெட்டிய எறக்கு. பழசு காஞ்சிருந்தா சொல்லு, இங்கேந்து புதுசு வாங்கி உன் தம்பி வரும்போது குடுத்து விடுறேன். அவன் வழியில தொலைக்காம இருந்தா.

உன்
ராணி