கூட ஓடியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள கோச், மேடம், அக்கா, அணித் தோழிகள், இன்னும் எனக்குத் தோள்கொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

கல்லூரி அணிக்காக நான் ஓடவேண்டிய கடைசிப் பந்தயம் முடிந்துவிட்டது. தேர்வு முடிந்ததும் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் பயிற்சி நிருபராகச் சேர்கிறேன். சேர்வதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். பெயர் போடாதே என்று உங்களில் சிலர் கண்டிப்பாகச் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குப் புரிந்துவிடும்.

கோச் சார், முதல் நன்றி உங்களுக்கு. 800 மீட்டரில் முதல் வளைவு முடியும்வரைதான் அவரவர் பாதை. அதைத் தாண்டியதும் எல்லோரும் உள்பக்கம் இறங்குவார்கள். முழங்கை இடிக்கும், ஸ்பைக்ஸ் காலணியின் முள் காலில் கீறும், யார் பின்னால் ஒட்டிக்கொள்வது, எப்போது வெளியே வந்து முந்துவது என்று ஓடிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். பயிற்சி முடிந்து மூச்சு வாங்க நிற்கும்போது என் நேரத்தை நீங்கள் உடனே சொன்னதே இல்லை. "முதல் சுற்று என்ன ஓடியிருப்பே? நீயே சொல்லும்மா" என்பீர்கள். நான் ஒரு எண்ணைச் சொன்ன பிறகுதான் ஸ்டாப்வாட்சைத் திருப்பிக் காட்டுவீர்கள். பிறகு அந்தத் தாள் வரும். ஒவ்வொரு 200 மீட்டருக்கும் பென்சிலால் குறித்த நேரம், ஓரத்தில் சின்ன எழுத்தில், "இங்கே தோள் இறுகுது", "இங்கே முன்னால போறவளைப் பார்க்காம தரையைப் பார்க்கிறா." ஒரு பந்தயத்தை எப்படிப் பார்ப்பது என்று அந்தத் தாள்களில்தான் படித்தேன். முடிவு நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நடந்ததைச் சொல்லிவிட முடியாது என்பது, இதழியல் வகுப்பு தொடங்கும் முன்பே எனக்குப் பழகியிருந்தது.

மேடம், 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஆண்கள் 800 மீட்டர் இறுதிப் போட்டியை வகுப்பில் போட்டுக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? கென்யாவின் டேவிட் ருடிஷா முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கும் பேஸர் யாரும் இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே முன்னால் ஓடி, முதல் சுற்றை 49.28 வினாடியில் கடந்து, 1 நிமிடம் 40.91 வினாடியில் உலக சாதனையோடு முடித்த பந்தயம். எல்லோரும் ருடிஷாவைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்தோம். நீங்களோ எட்டாவதாக வந்தவரைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். அந்த எட்டாமவர் பிரிட்டனின் ஆண்ட்ரூ ஒசாகி. நேரம் 1:43.77. பழைய முடிவுகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங் என்று அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய நேரத்தைவிட அது வேகம். அதுவரை தான் ஓடியதிலேயே வேகமாக ஓடியும் ஒருவர் கடைசியாக வந்திருக்கிறார்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுதி முடித்த அன்றே, இனி இதுதான் என் வேலை என்று முடிவு செய்துவிட்டேன். முடிவுப் பட்டியலை இன்றைக்கும் கீழிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

கல்லூரி இதழின் ஆசிரியராக இருந்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. "உன் அணியைப் பத்தி நீ எழுதக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்ததே தடகளம்தான், அதையும் எழுதக் கூடாதா என்று. பிறகு வாலிபால், மல்யுத்தம், சதுரங்கம் என்று அனுப்பினீர்கள். தெரியாத விளையாட்டு என்பதால் கேட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. என் கேள்விப் பட்டியலில் "தோல்வியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று இருந்ததை அடித்துவிட்டு, "ஆட்டத்தில் நீ பார்த்த ஒண்ணைச் சொல்லிக் கேளு" என்று எழுதிக் கொடுத்தீர்கள். அடுத்த வாலிபால் ஆட்டத்தில் ஐந்தாவது செட்டை 15-13 என்று இழந்த அணியில், அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டரிடம், "கடைசிப் பந்தை ஏன் பின்வரிசைக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தவர் அதை எடுத்துவிட்டு, என் நோட்டை வாங்கி, எதிரணியின் தடுப்பு (பிளாக்) எங்கே நின்றது என்று படமே போட்டுக் காட்டினார். தோற்ற வலியோடு எனக்காக அவ்வளவு நேரம் ஒதுக்கிய அவருக்கும் இந்த மடலில் நன்றி சொல்கிறேன்.

யார் முதலில் கோட்டைத் தொட்டார் என்று படம் பார்த்து முடிவு செய்யும் போட்டோ ஃபினிஷ் அறைக்குள் என்னை உட்காரவைத்து விளக்கிய நடுவர் ஐயா, உங்களையும் மறக்க மாட்டேன். தலையோ கையோ கணக்கில்லை, உடற்பகுதி கோட்டைத் தொடுவதுதான் கணக்கு என்பது ஓடுகிற எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேமரா முடிவுக் கோடு என்கிற ஒரே இடத்தை மட்டும் கீற்று கீற்றாகத் தொடர்ந்து பதிவு செய்கிறது, படத்தில் இடமிருந்து வலமாக நாம் பார்ப்பது தூரத்தை அல்ல, நேரத்தை என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் அழுத்தக் காயம் வந்து ஓடக் கூடாது என்றானபோது, ஆழமான தண்ணீரில் மிதந்தபடி ஓடவைத்து என் மூச்சைக் காப்பாற்றிய பிசியோ அக்காவுக்கு நன்றி. அந்த வாரங்களில் மைதானத்துக்கு வரவே பிடிக்கவில்லை. கோச் ஸ்டாப்வாட்சை என் கையில் கொடுத்து மற்றவர்களுக்கு நேரம் எடுக்கச் சொன்னதால்தான் வந்தேன்.

பாட நோட்ஸ் எடுத்து வைத்த தோழிகள், ஈரத் துணியும் ஸ்பைக்ஸுமாக அறையை நான் நிறைத்தபோதும் முகம் சுளிக்காத ரூம்மேட், விடிவதற்கு முன்பே கேட்டைத் திறந்துவிட்ட காவலர் அண்ணா, எல்லோருக்கும் நன்றி. அம்மா, அப்பா, "ரெண்டுல ஒண்ணை விட்டுடு" என்று ஊரே சொன்னபோது நீங்கள் ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில், தனக்கு அடுத்த நாள் போட்டி இருந்தும் எனக்காக 500 மீட்டர்வரை பேஸ் எடுத்த தோழிக்கு ஒரு செய்தி. 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில், மருத்துவ மாணவராக இருந்த ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதர். அவருக்கு முன்னால் முதலில் ஓடி வழிவிட்டவர் கிறிஸ் பிராஷர், அடுத்து கிறிஸ் சாட்டவே. பிராஷர் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் என்னும் தடை தாண்டி ஓடும் நெடுந்தூரப் பந்தயத்தில் தங்கம் வென்று, பின்னாளில் அப்சர்வர் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியரானார். சாட்டவே தொலைக்காட்சியில் செய்தி வாசித்தார். ஓடியவர்கள் செய்தித் தொழிலுக்கு வருவது புதிதில்லை என்று நீதான் இதை எனக்குத் தேடிக் கொடுத்தாய். ஆனால் எனக்கு அதில் பெரிதாகப் பட்டது, அந்த இருவரும் அன்றைக்கு இன்னொருவருக்காக ஓடினார்கள் என்பது. நீ ஓடியதைப் போல.

அணிக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, கோச் கொடுக்கும் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேதி போட்டு வையுங்கள். உங்கள் பந்தயங்களை நான் செய்தியாக்க முடியாது. அக்கா போட்ட விதியை வேலையிலும் அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன், சேரும் அன்றே டெஸ்க்கில் சொல்லிவிடுவேன். விடுமுறை கிடைக்கிற போதெல்லாம் கைதட்ட வருகிறேன். பேஸ் எடுக்க ஆள் தேவைப்பட்டால் முந்தின நாளே சொல்லுங்கள், ஸ்பைக்ஸோடு வருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் 800 மீட்டர் ஓட்டக்காரி,
இதழியல் இறுதியாண்டு