ஊசி போட வர்ற அம்மாவுக்கும் மாத்திரை குடுத்து அனுப்புங்க

சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்,

மாசமா இருக்கிற வரைக்கும் நர்ஸம்மா விடவே மாட்டாங்க, மாத்திரை போட்டியா, ரத்தம் எவ்ளோ இருக்குன்னு போன் போட்டாவது கேட்டுருவாங்க, நல்ல விஷயம்தான். குழந்தை பொறந்துட்டா அப்புறம் எல்லாக் கேள்வியும் குழந்தையப் பத்திதான். எடை ஏறுதா, பால் குடிக்குதா, ஊசி போட்டாச்சா. பெத்தவ மாத்திரைய நிறுத்திட்டாளான்னு கேக்க ஆளில்ல.

உங்க விதியே என்ன சொல்லுது? பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, கூடவே 500 மில்லிகிராம் கால்சியம் தினம் ரெண்டு வேளை. இது பாதி வீட்டுக்குத் தெரியாது. எங்க அக்கா வீட்ல "அதான் புள்ள பொறந்தாச்சே"ன்னு சிவப்பு மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜ் மேல தூசி புடிச்சுக் கெடந்துச்சு, நாங்க சத்தம் போட்டதும் எடுத்தா, எப்படின்னா இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து வாயில போட்டு மேல ஒரு டம்ளர் டீ! கால்சியமும் சரி டீயும் சரி இரும்ப உடம்புல ஒட்ட விடாதுன்னு அவளுக்கு யாருமே சொல்லல. 2019-21 குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுப் பொண்ணுங்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகைன்னு வந்துச்சே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்தான்.

அப்புறம் பத்தியம். பூண்டுக் குழம்பு, நெத்திலிக் கருவாடு எல்லாம் அருமை, முள்ளோட சாப்பிட்டா கருவாட்டுலயே கால்சியம் இருக்கு, பாட்டிங்க சும்மா சொல்லல. ஆனா கீரை குழந்தைக்கு மாந்தம், எலுமிச்சை நெல்லிக்காய் சளின்னு இரும்பு சேர உதவுற ஐட்டமா பாத்து வெட்டிருவாங்க. இப்ப புதுசா இந்துப்பு வேற. அதுல பெரும்பாலும் அயோடின் சேர்க்கறதில்ல, அம்மா சாப்பாட்டுல அயோடின் குறைஞ்சா பால்லயும் குறையும். கால்சியம் அப்படி இல்ல, சாப்பாட்டுல பத்தலன்னா அம்மா எலும்புல இருந்து எடுத்தாவது பால்ல போயிரும், குழந்தை நல்லா கொழுகொழுன்னு இருக்கும், அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வராது.

நாங்க கேக்கறது புது ஸ்கீம் இல்ல. 6, 10, 14 வாரத்து ஊசிக்கு புதன்கிழமை எப்படியும் அம்மா வர்றா. அன்னைக்கே அவளுக்கும் ரத்தம் பாத்து, அடுத்த ஊசி வரைக்கும் 28 இரும்பு, 56 கால்சியம் எண்ணிக் குடுங்க, 14வது வாரத்துல மிச்சம் இருக்கிற 82 நாளுக்கும் சேர்த்து. கவர் மேல தமிழ்ல பெருசா அடிங்க: காலை டிபனோட கால்சியம், மத்தியானம் சாப்பிட்டு இரும்பு, ராத்திரி சாப்பாட்டோட கால்சியம். இரும்பு மாத்திரையால வெளிக்கி கருப்பா போனா பயப்பட வேணாம்னும் போடுங்க, அதப் பாத்து நிறுத்துறவங்களும் இருக்காங்க. இத கூட வர்ற மாமியார் முன்னாடியே டாக்டர் ஒரு தடவ வாயால சொல்லிரட்டும், நாங்க சொன்னா வீட்ல எடுபடாது.