தபால் பெட்டியில் அப்பா பெயர்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பெயர் போட்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். வேறொருவருக்கு என்னை நினைவே இருக்காது. இன்னொருவர் விடுதி விதியை மீறி எனக்கு இடம் கொடுத்தவர், அவரை மாட்டிவிடக் கூடாது. அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். எது யாருக்கு என்று படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

2024 செப்டம்பர் கடைசியில் மியூனிக் வந்து இறங்கினேன். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் இருந்தது. விசா இருந்தது. மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்க விடும் பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோ இருந்தது. தங்க இடம் மட்டும் இல்லை. மாணவர் விடுதிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தேன். மற்றதை 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு தைரியம். அந்த ஊருக்குப் போகக் கூடாத வாரமாகப் பார்த்துப் போயிருக்கிறேன் என்று வந்த பிறகுதான் புரிந்தது. அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர்த் திருவிழா அந்த ஆண்டு செப்டம்பர் 21இலிருந்து அக்டோபர் 6 வரை. ஹாஸ்டலில் நான்கு இரவுக்குப் பதிவு செய்திருந்தேன். ஐந்தாவது இரவுக்கு எவ்வளவு என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பையன் பதில் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பினான். விலையை வாயால் சொல்ல அவனுக்கே கூச்சம்.

ஆனால் நன்றியை அதற்கும் முன்னாலிருந்து தொடங்க வேண்டும், அக்கா. ஆகஸ்டில் ஒரு விளம்பரம் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்து உங்களுக்கு அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? மியூனிக்கின் ஷ்வாபிங் பகுதியில் தனி வீடு, 38 சதுர மீட்டர், மாதம் 480 யூரோ. வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறாராம். முன்பணம் 1,440 யூரோ போட்டால் சாவி கூரியரில் வந்துவிடுமாம். பாஸ்போர்ட் நகல்கூட அனுப்பியிருந்தார், நல்ல மனிதர்! நான் பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்களிடம் சும்மா பெருமைக்குத்தான் காட்டினேன். நீங்கள் சமையலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, செவத்துல அந்த பிளக் பாயிண்ட்டைப் பாரு. நீட்டு நீட்டா மூணு ஓட்டை. இங்கெல்லாம் வட்டமா உள்ள குழிஞ்சு ரெண்டு ஓட்டைதான் இருக்கும். இந்தக் கிச்சன் இங்கிலாந்துல இருக்குப்பா."

அன்றைக்கே அரை மணி நேரம் பாடமும் எடுத்தீர்கள். முன்பணம் என்பது வெப்பமூட்டல் முதலிய செலவு சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை குடியேறும்போதுதான். "சாவி கைக்கு வரதுக்கு முன்னாடி காசு கேக்கறவன் வீட்டுக்காரனே இல்ல" என்றீர்கள். அந்த 1,440 யூரோவை அப்பா எப்படிப் புரட்டினார் என்று எனக்குத் தெரியும். அதைக் காப்பாற்றியது நீங்களும் ஒரு பிளக் பாயிண்ட்டும்.

அண்ணா, உங்கள் விடுதி எது என்று எழுத மாட்டேன், பயப்படாதீர்கள். அந்த அறையில் இரண்டாவது மெத்தையை விரித்தால் கதவு திறக்காது. நடுராத்திரியில் யாருக்குக் கழிவறை போக வேண்டும் என்றாலும் இருவருமே எழுந்தாக வேண்டும். அப்படி 37 இரவு. இரண்டு இரவு என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். ஒரு நாள்கூட 'எப்போ கிளம்பறே' என்று நீங்கள் கேட்கவில்லை. ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்த நேரம் வேறு. நான் தூங்குவதற்காக விளக்கை அணைத்துவிட்டுத் திரை வெளிச்சத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தீர்கள். நான் தூங்கவில்லை, தூங்குவதுபோல் கிடந்தேன்.

படுக்க இடம் கிடைத்தும் பிரச்சினை தீரவில்லை. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' என்பது அதன் பெயர். ரொட்டிக்கடையில் ரொட்டி கேட்கக் கற்றுக்கொள்ளும் முன்பே இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டேன். வரி எண் பதிந்த முகவரிக்குத் தபாலில்தான் வரும். தங்கும் அனுமதி வாங்கப் போனாலும் முதலில் கேட்பது இந்தப் பதிவுச் சான்றைத்தான். ஒருவன் 300 யூரோவுக்கு 'அட்ரஸ் மட்டும்' தருகிறேன் என்று வந்தான். நான் சரி என்று சொல்ல இருந்தேன். நீங்கள் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது, அண்ணா. குடியிருக்காத இடத்தைப் பதிவது சட்டமீறல். அப்படி முகவரி கொடுப்பவனுக்கு 50,000 யூரோ வரை அபராதம் போட முடியும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது, என்னை மறந்துவிட்டவருக்கு. 'வே கே' என்று இங்கே சொல்லும் பகிர்வு வீடுகளுக்கு 64 செய்தி அனுப்பியிருந்தேன். பெரும்பாலும் பதிலே வராது. வந்தால் 'மன்னிக்கவும்' என்று ஒரு வரி. நீங்கள் மட்டும் இல்லை என்று சொன்னதோடு ஏன் இல்லை என்றும் எழுதினீர்கள்: "நீ உன் மதிப்பெண்களை எழுதியிருக்கிறாய். நாங்கள் உனக்கு வேலை தரவில்லை. நீ பாத்திரம் கழுவுவாயா, ராத்திரி சத்தம் போடுவாயா, எங்களோடு உட்கார்ந்து பேசுவாயா என்று எதுவும் தெரியவில்லை." படித்ததும் கோபம்தான் வந்தது. மறுநாள் என் பழைய செய்திகளைத் திறந்து பார்த்தேன். 64ம் ஒரே நகல், எல்லாவற்றிலும் முதல் வரியில் என் சராசரி மதிப்பெண். முன்பின் தெரியாதவனுக்காகப் பத்து நிமிடம் செலவழித்து எழுதினீர்களே, அதற்கு நன்றி.

ஆலோசனை மேசையில் இருந்த அம்மையாரே, அதுவரை நான் பார்த்த எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மாதம் எவ்வளவு கொடுக்க முடியும்? நீங்கள் கேட்டது, மாதம் எத்தனை மணி நேரம் கொடுக்க முடியும்? 'வோனன் ஃபுயர் ஹில்ஃபெ' என்ற ஏற்பாட்டைப் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டேன். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் மாணவருக்கு ஓர் அறை கொடுப்பார். மாணவர் வாடகைக்குப் பதில் வேலை செய்து கொடுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேரம் என்பது கணக்கு. மின்சாரம், தண்ணீர், வெப்பம் இவற்றில் தன் பங்கை மட்டும் கட்டினால் போதும். நோயாளிப் பராமரிப்பு அதில் சேராது. என் கணக்கிலிருந்து மாதம் கைக்கு வருவது 992 யூரோ. இந்த ஊரில் ஓர் அறைக்கே 800 கேட்கிறார்கள். நான் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள் படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். என் ஜெர்மன் அரைகுறையாக இருந்ததைப் பற்றி, "வாய் திறந்தால் தானாக வரும்" என்றீர்கள்.

கடைசியாக, மியூனிக்கின் லைம் பகுதியில் எனக்கு அறை கொடுத்த நீங்கள். இந்த மடலை உங்களுக்கு வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்லப் போகிறேன், அதனால் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

நவம்பர் 2, சனிக்கிழமை, இரண்டு பெட்டியோடு வந்தேன். அறை 17 சதுர மீட்டர், ஆக 17 மணி நேரம். இலை கூட்டுவது, தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகளைத் தூக்கி வருவது, உங்கள் கணினி உங்களை மிரட்டும்போது அதைச் சமாதானப்படுத்துவது. நீங்கள் ஒவ்வொரு வேலையையும் நேரம் போட்டு நோட்டில் குறித்ததைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மாதக் கடைசியில் நோட்டைத் திருப்பிக் காட்டினீர்கள். நான் 21 மணி நேரம் செய்திருந்தேன். டிசம்பரில் நான்கைக் கழித்து 13 என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தீர்கள். என்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று நினைத்ததற்கு மன்னிப்பும் இந்த நன்றியோடு சேர்த்தி. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு காலை, 'நீங்கள்' போதும், இனி என்னை 'நீ' என்றே கூப்பிடு என்றீர்கள். உங்கள் மொழியில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தமிழில் எழுதும்போது என்னால் முடியவில்லை, பாருங்கள்.

குடிவந்த அன்றே நீங்கள் செய்த முதல் வேலை தபால் பெட்டியில் என் பெயரை ஒட்டியது. இங்கே கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே இருக்கும் வீடுகளுக்குத் தனிக் கதவு எண் பெரும்பாலும் கிடையாது; பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால் திரும்பிப் போய்விடும். பாஸ்போர்ட்டை வாங்கி, குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருந்ததைப் பார்த்து எழுதினீர்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அது அப்பாவின் பெயர் என்று சொன்னேன். "அதனாலென்ன, குடும்பம்தானே" என்றீர்கள். பதினான்கு எழுத்து. பட்டையில் அடங்கவில்லை. கடைசி மூன்று எழுத்தை நெருக்கி எழுதி, மேலே டேப் ஒட்டி, நகத்தால் தேய்த்தீர்கள்.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "என் பேருக்கு ஏதாவது தபால் வந்துச்சா?" என்று கேட்டார்.

வந்தது. பதிவு முடிந்த பின் வந்த முதல் கடிதம், வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி, அப்பா பெயரை விளித்து. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான், நான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உங்கள் கட்டண எண்ணைப் போட்டு நீங்களே பதில் படிவத்தை நிரப்பிவிட்டீர்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப பாக்கி எதுவும் இல்லயே?" என்றார்.

அன்புடன்,
அந்தத் தபால் பெட்டியின் இரண்டாவது பெயர்க்காரன்